தூக்குவது ஜாக்கி, தாங்குவது கட்டை



மாட்டுவண்டிக் காலத்தில் வண்டிக்கு மை போடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பெரியவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? வண்டிக்கு முட்டுக் கொடுப்பார்கள். அப்புறம்தான் கடையாணியில் கை வைப்பார்கள். முட்டு இல்லாமல் சக்கரத்தைக் கழற்றினால் அச்சோடு பாரம் காலில் இறங்கும் என்பது வீட்டிலுள்ள சின்னப் பையனுக்கும் தெரிந்த சங்கதி.

வண்டி போய் டிராக்டரும் டிரெய்லரும் வந்துவிட்டன. பாரம் பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் முட்டுக் கொடுக்கிற பழக்கம் மட்டும் எங்கேயோ நழுவிப் போய்விட்டது. காரணம், கையில் ஜாக்கி இருக்கிறது. ஒரு ஆள் ஒரு கையால் இரண்டு டன், மூன்று டன் பாரத்தைத் தூக்கி நிறுத்தி விடுகிறான். "நின்னுடுச்சே, இனிமே என்ன பயம்?" என்று அடியில் தலையைக் கொடுத்துப் படுத்துக்கொள்கிறான். அந்த இடத்தில்தான் ஆபத்து.

ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பேர் வைத்த சீமை நம்முடையது. விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் எத்தனையோ பேச்சுக்கள் கேட்டிருக்கிறோம். டிராக்டரின் கருவிப் பெட்டியில் எண்ணெயும் சேறுமாகக் கிடக்கிற ஜாக்கியைப் பற்றி யாரும் அதிகம் சொன்னதில்லை. இன்று அதைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

நம் வேலையில் ஜாக்கி எப்போதெல்லாம் வெளியே வருகிறது என்று பாருங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் சேற்றுழவுக்குக் கேஜ்வீல் மாட்ட வேண்டும். டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கியாக வேண்டும். குறுவை அறுப்பு மழையோடு வரும். நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வழியில் டிரெய்லர் டயர் பஞ்சராகும். தை, மாசியில் சம்பா அறுப்பு. இரவும் பகலும் வண்டி ஓடும். ஆக, அவசரமும் ஈரமும் இருட்டும் சேர்ந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் ஜாக்கிக்கு வேலை வருகிறது. சாவகாசமாக இருக்கும்போதே அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

நாம் வைத்திருப்பது பெரும்பாலும் பாட்டில் ஜாக்கி. பார்ப்பதற்குப் புட்டி போல நிற்பதால் அந்தப் பேர். உள்ளே இருப்பது எண்ணெயும் இரண்டு தண்டுகளும்தான். கைப்பிடியோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வருவது சின்னத் தண்டு. பாரத்தைத் தூக்குவது பெரிய தண்டு. சின்னத் தண்டு எண்ணெயை அழுத்துகிறது. அந்த எண்ணெய் பெரிய தண்டின் அடியில் போய் அதை மேலே தள்ளுகிறது.

மாட்டுக்கு ஊசி போட வருகிற டாக்டரிடம் பெரிய ஊசிக்குழல் ஒன்று இருக்கும், சின்னது ஒன்று இருக்கும். இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, ஒரு ரப்பர் குழாயால் வாயோடு வாய் இணைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சின்னதை ஒரு விரலால் அழுத்துங்கள். பெரியதன் தண்டை ஒரு கை முழுதும் கொடுத்து அமுக்கினாலும் அடக்க முடியாது. அடைத்து வைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போகிறது. பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். 1795-ல் பிராமா என்ற ஆங்கிலேயர் இதை வைத்துப் பெரிய அழுத்து இயந்திரம் ஒன்றுக்கு உரிமம் வாங்கினார். நம் ஜாக்கி அந்த வம்சத்தில் வந்ததுதான்.

ஒரு கணக்கு போடுவோம். சின்னத் தண்டின் குறுக்களவு 12 மில்லிமீட்டர், பெரிய தண்டு 36 மில்லிமீட்டர் என்று வையுங்கள். குறுக்களவு மூன்று மடங்கு. பரப்பு ஒன்பது மடங்கு. கைப்பிடி நெம்புகோலாக இருந்து நம் பலத்தை 16 மடங்கு ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் 25 கிலோ அழுத்தம் கொடுத்தால் 25-ஐ 16-ஆலும் 9-ஆலும் பெருக்க வேண்டும். 3,600 கிலோ! இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. கைப்பிடியை ஒரு தரம் முழுதாக அழுத்தினால் பெரிய தண்டு 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் ஏறும். அதனால்தான் அத்தனை தரம் அடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த 3,600 கிலோவைத் தூக்கி நிற்கும்போது உள்ளேயிருக்கும் எண்ணெயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோ அழுத்தம் இருக்கும். உங்கள் டிராக்டர் பின் டயரின் காற்றில் இருப்பது சுமார் ஒரு கிலோதான். அந்த 350 கிலோ அழுத்தத்தை அடைத்துப் பிடித்துக்கொண்டிருப்பது எது? தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் ஒன்று, மிளகு அளவு எஃகுக் குண்டுகள் இரண்டு மூன்று. அவ்வளவுதான்! குண்டுக்கும் அது உட்காரும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டால் எண்ணெய் கசியும், பாரம் இறங்கும். சீல் கிழிந்தால் மெல்ல இறங்காது, திடுமென்று இறங்கும். யாராவது கால் தவறிக் கைப்பிடியைத் தட்டி ரிலீஸ் திருகு திறந்துகொண்டாலும் அதே கதிதான்.

ஆகவே ஜாக்கி கெட்டுப்போனதா, நல்லதா என்பது இரண்டாவது கேள்வி. நல்ல ஜாக்கியையும் நம்பிப் பாரத்துக்கு அடியில் போகக்கூடாது. அது தூக்குவதற்குச் செய்த சாமான். தூக்கியான பிறகு பாரத்தை இரும்பு ஸ்டாண்டு மேலேயோ கட்டை அடுக்கு மேலேயோ இறக்கிவிட வேண்டும். ஜாக்கி பக்கத்தில் சும்மா நிற்கட்டும்.

நம் மண்ணைப் பற்றி

ஜாக்கி வாங்கும்போது எத்தனை டன் என்று கேட்டு வாங்குகிறோம். எந்த மண்ணில் நிற்கப் போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. டெல்டாவில் நடக்கிற விபத்துக்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. நூறு மூட்டை ஏற்றினால் 4 டன். டிரெய்லரின் சொந்த எடை வேறு. இரண்டு சக்கர டிரெய்லரில் ஒரு பக்கத்துக்கு 2 டன் வந்துவிடும். ஜாக்கியின் அடிப்பாகம் 12 சென்டிமீட்டர் சதுரம் என்றால் பரப்பு 144 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் அதற்கடியில் மண்மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ அழுத்தம். இதை 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள கனமான பலகைமேல் வைத்தால் அழுத்தம் சுமார் ஒரு கிலோவாகக் குறைந்துவிடுகிறது. பலகைக்கு இவ்வளவு மகிமை.

ஆனால் பலகை போட்டுவிட்டோம், வயலிலேயே தூக்கலாம் என்று நினைக்காதீர்கள். உழுத சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கிற ஆளின் பாதத்துக்கடியில் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவுதான் அழுத்தம். அதற்கே முழங்கால் வரை புதைகிறோம். ஒரு கிலோவை அந்தச் சேறு எங்கே தாங்கும்? வயலில் டயர் போனால் பாரத்தை இறக்கிவிட்டு, மெல்ல மேட்டுக்கு இழுத்து வந்து தூக்குவதுதான் வழி. டயர் கெடும் என்பீர்கள். கெடட்டும், டயர் கடையில் கிடைக்கும்.

வாய்க்கால் கரை ஓரமும் ஆகாது. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும்; அடியில் ஊறல் இருக்கும். பாரம் ஏறியதும் கரை சரியும். கோடையில் களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது வெடிப்பு விளிம்பில் ஜாக்கி வைத்தால் விளிம்பு உடையும். மேட்டூர் அணையோடு 1934-ல் வந்த கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் அதிகம். அங்கே புதைவது குறைவு. ஆனால் காய்ந்த மணல் பக்கவாட்டில் நகர்ந்து போகும், ஜாக்கி சாயும். அங்கேயும் பலகை வேண்டும். தார் ரோடுகூட சித்திரை வெயிலில் இளகி ஜாக்கியை உள்ளே வாங்கும்.

பலகை இரண்டு அங்குலக் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். வேம்பு, வாகை, கருவேல் எல்லாம் நல்லது. பாரம் தாங்கும் கட்டைகளும் அப்படியே சதுரமாக அறுத்த கெட்டி மரமாக இருக்க வேண்டும். தென்னை, பனைத் துண்டு வேண்டாம், நார்வாட்டில் பிளந்துகொள்ளும். உருட்டுக்கட்டை உருளும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் அறவே கூடாது. சுவரில் வரிசையாக அடுக்கிச் சாந்து வைத்தால் செங்கல் தாங்கும். ஒரே முனையில் இரும்புப் பாரம் உட்கார்ந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் பொடிந்துவிடும். மரம் அப்படி இல்லை. உடைவதற்கு முன் முனகும், நசுங்கும், நமக்கு ஒரு நொடியாவது கொடுக்கும். கட்டைகளை இரண்டு நெடுக்காக, இரண்டு குறுக்காக என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். அடுக்கின் உயரம் கட்டையின் நீளத்தைவிட அதிகமாக வேண்டாம்.

தூக்குகிற முறை

நெல் மூட்டையை இறக்கிவிட்டுத் தூக்குங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. மழை வருது, ஆள் இல்லை என்பார்கள். எல்லாவற்றையும் இறக்க முடியாவிட்டாலும், பஞ்சரான பக்கத்து மூட்டைகளையாவது இறக்குங்கள். டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்ற வேண்டாம். கழற்றினால் இரண்டு சக்கர டிரெய்லர் முன்னோ பின்னோ குடை சாயும்.

எஞ்சினை நிறுத்தி, இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டி, கைப்பிரேக் போடுங்கள். "கியர்லதான் நிக்குது, எங்கே நகரப் போவுது?" என்று இருந்துவிடாதீர்கள். டிராக்டரின் பின் சக்கரங்கள் இரண்டும் நடுவிலுள்ள டிபரென்ஷியல் பல்சக்கரங்களால் இணைந்தவை. ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் அது சும்மா சுற்றும். அது சுற்றினால், தரையில் நிற்கிற மற்ற சக்கரத்தைக் கியர் பிடித்து வைக்காது. வண்டி நகரும், ஜாக்கி சாயும். எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அடைப்பு கட்டாயம்.

இன்னொரு சங்கதி பழைய டிரைவர்கள் சிலருக்கே தெரியும். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடும்படி அமைத்தது. வரப்பு ஏறி இறங்கும்போது ஒரு சக்கரம் மேலும் ஒன்று கீழும் போவது அதனால்தான். பின்பக்கம் ஒரு புறத்தைத் தூக்கினால் எஞ்சின் பாகம் அந்த ஊசிமேல் பக்கவாட்டில் சாயும். பின் அச்சுக்குக் கீழே கேஜ்வீல் மாட்ட ஆள் குனிந்திருக்கும்போது இந்தச் சாய்வு வந்தால் கேட்க வேண்டாம். முன் அச்சுக்கும் மேலேயுள்ள சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்துவிட்டால் இந்த ஆட்டம் நிற்கும். இரண்டு ஆப்பு செதுக்கக் கால் மணி நேரம் ஆகுமா? செதுக்கிக் கருவிப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

சக்கர நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு ஆள் பலம் போட்டு ஸ்பேனரை இழுத்தால் அந்த இழுப்பிலேயே வண்டி ஜாக்கியை விட்டு நழுவும். ஜாக்கியின் தலையிலும் அச்சின் அடியிலும் உள்ள சேற்றையும் கிரீஸையும் துடைத்துவிட்டு, அச்சுக்கு நேர் கீழே, செங்குத்தாக நிறுத்துங்கள். எண்ணெய்ச் சட்டிக்கடியிலோ டிரெய்லரின் தகட்டிலோ வைக்கக்கூடாது. ஜாக்கி உயரம் போதவில்லை என்று அதன் தலைமேல் துண்டுக் கட்டை வைப்பதும் தவறு. உயரம் வேண்டுமானால் அடியில் பலகையைக் கூட்டுங்கள். ஜாக்கி வாங்கும்போதே, பஞ்சராகிக் காற்றுப் போன டயரோடு அச்சு எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அளந்துகொண்டு கடைக்குப் போனால் இந்தத் தொல்லை இராது.

கொஞ்சம் தூக்கியதும் நிறுத்தி ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். பலகை புதைகிறதா, ஜாக்கி சாய்கிறதா? சரியாக இருந்தால் மேலே தூக்குங்கள். தூக்கத் தூக்கக் கட்டையை அடுக்கிக்கொண்டே வாருங்கள். தேவையான உயரம் வந்ததும் ரிலீஸ் திருகை மெல்லத் திறந்து பாரத்தைக் கட்டைமேல் உட்கார வைத்துவிட்டு, பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள். எவ்வளவு அவசரமானாலும் தனி ஆளாக இதைச் செய்ய வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்க அவர்கள் அடியில்தான் குனிவார்கள்.

மக்கர் செய்தால்

இப்போது ஜாக்கியின் நோய்களுக்கு வருவோம். அதிகம் காண்பது பாரம் மெல்ல மெல்ல இறங்குகிற நோய். இதற்கு மருந்து தேடும் முன் ஜாக்கியின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, வெறும் டிரெய்லரைத் தூக்கி, அடியில் கட்டையும் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பெரிய தண்டு வெளியே வருகிற இடத்தில் எண்ணெய் ஊறுகிறதா? அப்படியானால் சீல் தேய்ந்துவிட்டது; மாற்ற வேண்டும். வெளியே காய்ந்து கிடக்கிறது, ஆனாலும் இறங்குகிறது என்றால் எண்ணெய் உள்ளேயே வழி கண்டுபிடித்துத் தொட்டிக்குத் திரும்புகிறது. முக்காலும் ரிலீஸ் திருகின் குண்டுக்கடியில் தூசி இருக்கும். பாரத்தைக் கட்டைமேல் விட்டு ஜாக்கியை வெளியே எடுத்து, திருகை ஒரு சுற்றுத் திறந்து, வெறுமே பத்துப் பதினைந்து தரம் அடியுங்கள். ஓடுகிற எண்ணெய் தூசியை அடித்துக்கொண்டு போய்விடும். மூடிப் பார்த்தால் பல ஜாக்கிகள் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் எண்ணெயை மாற்றிப் பாருங்கள்.

பாரத்தோடு நிற்கும்போது கைப்பிடி தானாக மேலே எழும்புகிறதா? சின்னத் தண்டுக்கும் பெரிய தண்டுக்கும் நடுவே, எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் குண்டு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். இது ஒர்க்ஷாப் வேலை.

அடிக்க அடிக்கக் கைப்பிடி மெத்மெத்தென்று இருக்கும். தண்டு ஏறும், பிறகு கொஞ்சம் அமுங்கும். உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும், அதுதான் விஷயம். கருவிப் பெட்டியில் படுக்கப் போட்டு வைத்த ஜாக்கிக்கு இது வாடிக்கை. தண்டை முழுதும் இறக்கி, ஜாக்கியை நேராக நிறுத்தி, ரிலீஸ் திருகை ஒரு சுற்று மட்டும் திறவுங்கள். முழுதும் கழற்றினால் குண்டு உருண்டு போய் அகப்படாது. எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் ரப்பர் அடைப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பத்துப் பதினைந்து தரம் அடியுங்கள். பிறகு திருகை மூடி, பாரம் இல்லாமல் தண்டை மேலே வரை ஏற்றி இறக்குங்கள். இரண்டு தரம் செய்தால் காற்று வெளியேறிவிடும்.

தண்டு பாதி வரை ஏறி நின்றுவிட்டால் எண்ணெய் குறைவு. கொஞ்சப் பாரத்தைத் தூக்குகிறது, அதிகப் பாரத்தில் கைப்பிடி போகிறது, தண்டு ஏறவில்லை என்றால் முதலில் ரிலீஸ் திருகு இறுக மூடியிருக்கிறதா பாருங்கள். மூடியிருந்தும் ஏறாவிட்டால், பாரம் ஜாக்கியின் அளவுக்கு மிஞ்சியதாக இருக்கலாம். பல ஜாக்கிகளில் அளவு மீறினால் எண்ணெயைத் திருப்பிவிடும் காவல் வால்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைத் தேடிப் பிடித்து இறுக்கிவிடுகிற கெட்டிக்கார மெக்கானிக்குகள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். அந்தக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகி இரண்டு பேர் தொங்குவதும் அதே ரகம்தான்.

தண்டு இறங்க மறுத்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். சில ஜாக்கிகளில் இறக்க ஸ்பிரிங் கிடையாது. திருகைத் திறந்து கையால் அமுக்கினால்தான் இறங்கும். அப்படியும் இறங்காவிட்டால் தண்டு வளைந்திருக்கும், துருப்பிடித்திருக்கும், அல்லது எண்ணெய் அதிகமாக ஊற்றியிருப்பார்கள்.

எண்ணெய் விஷயம்

எண்ணெய் ஊற்றும்போது தண்டும் சின்னத் தண்டும் முழுதும் இறங்கியிருக்க வேண்டும். ஜாக்கியை நேராக நிறுத்தி, துவாரத்தின் கீழ் விளிம்பு வரைக்கும் ஊற்றினால் போதும். தண்டு மேலே இருக்கும்போது நிரப்பிவிட்டால், இறங்கும்போது அத்தனை எண்ணெய்க்கும் தொட்டியில் இடம் இருக்காது. அடைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

என்ன எண்ணெய்? கடையில் ஹைட்ராலிக் ஆயில் என்று கேளுங்கள். ஜாக்கியோடு வந்த சீட்டில் எண் போட்டிருந்தால் அதன்படி வாங்குங்கள். 32 என்ற எண் பல ஜாக்கிகளுக்குப் பொருந்தும். ஒரு லிட்டர் டப்பா பல தரம் வரும். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் தூளும் கரியும் இருக்கிறது. அந்தச் சின்னக் குண்டுகளுக்கு அதைவிட எதிரி கிடையாது. பிரேக் ஆயில் ஊற்றுவது இன்னும் மோசம். பேர் ஆயில் என்றாலும் அது வேறு சாதி. ஜாக்கியின் ரப்பர் மினரல் எண்ணெய்க்காகச் செய்தது. பிரேக் ஆயில் பட்டால் ஊதிக் கொழகொழத்துப் போகும். ஒரு மாதம் நன்றாகத் தூக்கும். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும்.

வருஷத்துக்கு ஒரு தரம், சம்பா அறுப்பு முடிந்து ஓய்ந்திருக்கும்போது எண்ணெயை மாற்றுங்கள். பழையதைத் தட்டில் வடித்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினு என்று துகள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. வடித்த எண்ணெயை வாய்க்காலில் கொட்ட வேண்டாம்.

ஜாக்கி மட்டும் இல்லை

எண்ணெய் பிடித்து நிற்கிற எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். டிப்பர் டிரெய்லரின் தொட்டியைத் தூக்கிவிட்டு அடியில் சிக்கிய வைக்கோலை எடுக்கப் போகிறோம். கிரீஸ் அடிக்கப் போகிறோம். தொட்டியை நிறுத்தியிருப்பது ஜாக்கியில் இருக்கிற அதே எண்ணெய்தான். முட்டுத் தண்டு கொடுத்த பிறகே அடியில் போக வேண்டும். வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரத்தின் முன்பக்க வெட்டும் பாகமும் அப்படியே. அதைத் தூக்கி நிறுத்திப் பூட்டுவதற்குத் தடுப்பு இருக்கும். டிரைவர் அதைப் போடாமல், கத்தியில் சுற்றிய தாளை எடுக்க உங்கள் ஆளை அனுப்பினால், "முதல்ல பூட்டைப் போடுங்க தம்பி, எஞ்சினை நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். வயல் உங்களுடையது, சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஹோஸ் குழாயில் எண்ணெய் பீச்சுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. ஊசித் துவாரம் வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு முள் குத்தினாற்போல் தான் தெரியும். வலிகூட முதலில் இராது. சில மணி நேரத்தில் விரல் கருத்து, கையையே இழக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிக் கசிவைத் தேடுங்கள். தோலில் பாய்ந்துவிட்டால் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அப்போதே போங்கள். "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள்.

யாராவது பாரத்துக்கடியில் சிக்கிக்கொண்டால் ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். விழுந்த ஜாக்கியையே மறுபடி நம்ப வேண்டாம். டிராக்டரை ஸ்டார்ட் செய்து இழுக்கவும் வேண்டாம். வேறு ஜாக்கி கொண்டுவந்து, பலகைமேல் நிறுத்தித் தூக்கி, தூக்கத் தூக்கக் கட்டை கொடுத்த பிறகே ஆளை எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாரிடம் ஜாக்கி இருக்கிறது என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் ஜாக்கியின் இரண்டு தண்டையும் முழுதும் இறக்கிவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் மழை ஈரம் பட்டுத் துருப் புள்ளி வரும். அந்தப் புள்ளி சீலை ரம்பம் போல அறுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, நேராக நிற்கும்படி வையுங்கள்.

சீல் மாற்றிக் கொண்டுவந்த ஜாக்கியை உடனே வேலைக்கு எடுக்காதீர்கள். வெறும் டிரெய்லரை அரை அடி தூக்கி, ஒரு விரல் இடைவெளியில் கட்டை கொடுத்து, தண்டில் சாக்கட்டியால் கோடு கிழித்துவிட்டுப் பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வாருங்கள். கோடு அதே இடத்தில் இருந்தால் பெட்டியில் வைக்கலாம். இறங்கியிருந்தால் ரிப்பேர் செய்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். தண்டு வளைந்த ஜாக்கி, உடம்பில் கீறல் விட்ட ஜாக்கி, வெல்டு வைத்து ஒட்டிய ஜாக்கி, இவற்றை ரிப்பேருக்கும் கொண்டுபோக வேண்டாம். பழைய இரும்புக்குப் போடும்போது கைப்பிடியைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதே ஜாக்கி யாரோ ஒருவர் டிராக்டரில் மறுபடி ஏறிவிடும்.